சூரியகாந்திக்குப் பின்னால

கோபிசெட்டிபாளையத்துல யோகா சொல்லிக்குடுக்கற மதுரவல்லி டீச்சருக்கு சீடப்புள்ளைக நெறைய. அதுல வாய் நீளமானவன் லோகு. காலேஜை ரெண்டாவது வருசத்துலயே உட்டவன். கேட்டா, "நான் எங்கீங்க உட்டேன், காலேஜ்தான் என்னைய உட்டுருச்சு, நான் பெருந்தன்மையா சரின்னுட்டேன்"ம்பான். உடம்பு ரப்பராட்டம் வளையும். நாக்கு அதுக்கும் மேல.

யோகா போட்டிக்கு பாங்காக் போயிருந்தாங்க. டீச்சரு, லோகு, கூட பள்ளிக்கூடத்துப் புள்ளைக ஒரு கூட்டம். போட்டி முடிஞ்சு மறுநாளு ஊர் சுத்திப் பாக்கற நாளு.

காலைல ஓட்டல்ல காஞ்ச பிரெட்ட மென்னுக்கிட்டே லோகு கேட்டான்.

"டீச்சர், ஊருக்குப் போனதும் சத்தியமங்கலத்துல நான் தனியா கிளாஸ் ஆரம்பிக்கட்டுங்களா?"

டீச்சர் டீயை ஊதுனாங்க.

"எடங்கூட பாத்துட்டனுங்க. மாடி. காத்து பிச்சுக்கிட்டு வருது. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வேண்டாம்னாலும் சொல்லிருங்க, எங்கப்பன் கடைல பருப்புப் பொட்டலம் கட்டப் போயிடறேன்."

"பஸ் வந்துருச்சு. புள்ளைகளக் கூப்புடு."

"இது பதிலுங்களா டீச்சர்?"

"பஸ் வந்துருச்சுங்கறேன்."

படுத்த புத்தர் கோயிலுக்குப் போனாங்க. கைடு ஒரு சின்னப் பொண்ணு, பேரு நொய். கைல ஒரு குச்சி, குச்சி நுனில பிளாஸ்டிக் சூரியகாந்திப் பூ. கூட்டத்துல யாரும் தொலைஞ்சு போகாம பூவப் பாத்துக்கிட்டே வரோணும். அங்க பாதி கைடுக கைல மஞ்சக் கலர்ல ஏதோ ஒண்ணு ஆடிக்கிட்டு இருந்துச்சு.

"எங்கூர்ல ஆடு ஓட்டறவங்ககூட பூவெல்லாம் காட்ட மாட்டாங்கடா"ன்னான் லோகு. புள்ளைக சிரிச்சுதுக.

உள்ள, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் தங்கமாப் படுத்திருந்தாரு புத்தரு.

"பாத்துக்கங்க, சவாசனம்னா இப்படி இருக்கோணும்."

"அது சவாசனம் இல்லீங்ணா"ன்னா கனிஷ்கா. ஆறாவது படிக்கறவ. "ஒருக்களிச்சில்ல படுத்திருக்காரு?"

"சரி, அவருக்கு முதுகு வலி. உடு."

வெளிய வந்ததும் நொய் பூவ லோகு கைல குடுத்தா. படகு எப்ப வரும்னு கேட்டுட்டு வர்றேன், எல்லாரும் இங்கயே நில்லுங்கன்னு சொல்லிட்டு ஓடுனா.

லோகுவுக்கு நிக்கறதுன்னா ஆகாது. தலைகீழா நிக்கச் சொன்னா மணிக்கணக்கா நிப்பான். நேரா நிக்கத்தான் முடியாது.

பூவத் தூக்கிப் புடிச்சான். சும்மா ரெண்டு எட்டு வெச்சான். புள்ளைக பின்னாடியே வந்துதுக. இன்னும் நாலு எட்டு வெச்சான். அதுகளும் வெச்சுதுக. நல்லாத்தான் இருந்துச்சு.

பாறை மேல முனிவருங்க செலையா இருந்தாங்க. ஒருத்தரு காலத் தூக்கித் தோள்ல போட்டிருந்தாரு, ஒருத்தரு கைய முறுக்கிக்கிட்டு இருந்தாரு.

"இவுங்கல்லாம் டீச்சர்கிட்ட ஃபீஸ் கட்டாம கத்துக்கிட்டவங்க. டீச்சர் 'ரிலாக்ஸ்'னு சொல்லவே இல்ல. அப்படியே உட்டுட்டாங்க."

சிரிப்புச் சத்தம் முன்னைவிடப் பெருசாக் கேட்டுச்சு. லோகு ஒருக்கா திரும்பிப் பாத்தான். கூட்டத்தோட வால் நீண்டிருந்துச்சு. தெரியாத மூஞ்சிக ரெண்டு சேந்திருந்துச்சு. அவனுக்கு ஒசரம் ஒரு சாண் கூடுனாப்பல ஆச்சு. அதுக்கப்பறம் அவன் திரும்பல. பூவ இன்னும் ஒசத்திப் புடிச்சு, இந்த வளைவுக்குள்ள பூந்து, அந்தக் கோபுரத்தச் சுத்தி, ஒரு வாசலத் தாண்டி வெளிய வந்து நின்னான்.

முன்னாடி ரோடு. ஆட்டோக்காரங்க சத்தம். வந்த வாசலுமில்ல, படகுத்துறையுமில்ல.

"ஏனுங்ணா, படகு எங்கீங்ணா?"

"படகு நம்மளத் தேடிட்டு வருங் கண்ணு."

யாரும் சிரிக்கல.

அந்தத் தெரியாத மூஞ்சிக ரெண்டும் அப்பத்தான் வாசலத் தாண்டி வந்துச்சு. புருசன் பொண்டாட்டி. வயசான வெள்ளைக்காரங்க. அவரு பெருத்த ஆளு, முட்டில பட்டை கட்டியிருந்தாரு. சட்டை தொப்பல். அப்படியே நடைபாதை ஓரத்துல உக்காந்துட்டாரு. அந்தம்மா நெஞ்சுல யானைப் படம் போட்ட ஸ்டிக்கரு. லோகு மணிக்கட்டப் புடிச்சு என்னமோ கேட்டாங்க. இங்கிலீசு மாதிரியும் இல்ல.

"நோ நோ, நான் கைடு இல்லீங்க."

அந்தம்மா அவன் மூஞ்சியப் பாக்கவே இல்ல. பூவப் பாத்தாங்க. மறுபடியும் அதையே கேட்டாங்க, இந்தத் தடவை கண்ணு கலங்கி.

லோகு பூவ எறக்கி முதுகுக்குப் பின்னால மறைச்சான்.

எல்லாருக்கும் கடைசியா டீச்சர் வந்தாங்க. கைல எவனோ மறந்துட்டு வந்த செருப்புப் பை.

"டீச்சர்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. இது தப்பான வாசலுங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா எம் பின்னாடி வந்தீங்க?"

"உம் பின்னாடி வரல. நடக்க முடியாம வந்த இவுங்க பின்னாடி வந்தேன்."

லோகு அந்தப் பெரியவரு முன்னால குனிஞ்சான்.

"எந்திரிங்க மாமா. வந்தாப்பலயே போலாம்."

அவரு கை அவன் தோள்மேல மூட்டையாட்டம் எறங்குச்சு. பூவப் புடிக்கக் கையில்லாம இடுப்புல சொருகிக்கிட்டான். அவரு ஒரு எட்டு வெச்சா இவன் ஒரு எட்டு. அவரு நின்னா இவனும் நின்னான். நின்ன எடத்துலயெல்லாம் புள்ளைக நிக்குதுகளான்னு பாத்தான், அந்தம்மா வர்றாங்களான்னு பாத்தான். முனிவருங்ககிட்ட வந்தப்ப ஒரு ஜோக்கும் சொல்லல.

பெரிய வாசல்கிட்ட யானை ஸ்டிக்கரு ஒட்டுன கூட்டம் நின்னுச்சு. அவுங்க கைடு, கைல ஒரு மஞ்சக் குடையோட, ஓடி வந்து லோகுவத் திட்டுனான். தாய்லாந்து பாசைல ஒண்ணும் வெளங்கல, ஆனா திட்டு ஒண்ணு பாக்கியில்லாம வெளங்குச்சு. லோகு தலையக் குனிஞ்சு வாங்கிக்கிட்டான். அந்தம்மா புருசனக் கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டு திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டாங்க.

நொய், நிக்கச் சொன்ன எடத்துலயே அழுகாத கொறையா நின்னுக்கிட்டு இருந்தா. லோகு பூவ அவ கைல குடுத்துட்டு கும்பிட்டான்.

படகுல காத்து நல்லா வந்துச்சு. புள்ளைக தண்ணில கைய உட்டுக் கும்மாளம். லோகு மட்டும் மூலைல உக்காந்திருந்தான்.

"லோகண்ணாவுக்குக் காய்ச்சலுங்களா டீச்சர்?"ன்னு கேட்டா கனிஷ்கா.

டீச்சர் போயி அவன் பக்கத்துல உக்காந்தாங்க.

"டீச்சர், சத்தி மாடிய வேண்டாம்னு சொல்லிடறனுங்க."

"ஏன்?"

"வழி தெரியுமான்னு ஒருத்தருகூடக் கேக்கலீங்க. முட்டி வீங்குன மனுசன், அவருங்கூட கேக்கல. வந்துட்டாரு. பயமா இருக்குதுங்க."

படகு ஒரு பாலத்துக்கடில பூந்து வெளிய வந்துச்சு.

"காலைல எங்கிட்டக் கேட்டியே, அப்ப பயமா இருந்துச்சா?"

"இல்லீங்க."

டீச்சர் அவன் பக்கம் திரும்புனாங்க.

"இப்பத்தான பயம் வந்துருக்குது. ஆரம்பி. மொத நாளு, கடைசி வரிசைல எனக்கு ஒரு பாய் போட்டு வை."