ஒரே ஏரியல், ஏழு ரேடியோ

'பவளக்கொடி' என்ற சரக்குக் கப்பலில் மாலுமிகள் ஆளுக்கொரு கம்பியை இழுத்துக் கட்டி ரேடியோ கேட்டுவந்தார்கள். அதனால் கப்பலின் ரேடியோ அறையில் ஓயாத இரைச்சல். கேப்டன் எல்லாக் கம்பிகளையும் அவிழ்க்கச் சொல்லிவிட்டார். அதன்பின் கப்பலுக்கே ஒரு ஏரியல் கம்பிதான். அதிலிருந்து ஒரு பெட்டி வழியாக மாலுமிகளின் ஏழு அறைகளுக்கும் இணைப்புப் போனது. ரேடியோ அறையிலிருந்து வேறு கப்பல்களோடு பேசும்போது மட்டும் அந்தப் பெட்டியை அணைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஏழு ரேடியோவும் கருகிவிடும். ரேடியோ அதிகாரி ஆதிமூலம் இதைத் தம் கையாலேயே எழுதிச் சாப்பாட்டு அறையில் ஒட்டியிருந்தார்.

ஆதிமூலத்தின் காதில் நாளெல்லாம் ஏதேதோ கப்பல்கள் பேசிக்கொண்டிருக்கும். முகம் பார்த்துப் பேசத்தான் ஆளில்லை. சமையல்காரர் இன்னாசி மட்டும் நாலு மணிக்குத் தேநீரோடு வந்து பத்து நிமிடம் நின்று பேசிவிட்டுப் போவார்.

ஒரு புதன்கிழமை இன்னாசி சொன்னார்: "நாளைக்கு நாலரைக்கு ரேடியோவுல கப்பல்காரங்களுக்கு வீட்டுச் சேதி வாசிப்பாங்க சார். வீட்டுக்காரிக்கு ஆபரேசன். எப்படி இருக்கான்னு மச்சான் அதுல சொல்லி விடுறேன்னிருக்கான். அந்தக் கால்மணி நேரம் பெட்டியை அணைச்சிராதீங்க."

"அணைக்க மாட்டேன், போங்க."

மறுநாள் சேதி வாசிக்கத் தொடங்கிய சற்று நேரத்தில் ஒரு சிறிய கப்பல் கூப்பிட்டது. கொதிநீராவி பட்டு ஒருவன் வெந்துபோயிருந்தான். என்ன செய்வதென்று கேட்டார்கள். வேறு யாராவது பதில் சொல்வார்களா என்று ஆதிமூலம் ஒரு நிமிடம் காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை. பெட்டியை அணைத்தார். மருத்துவக் கையேட்டை வரிவரியாகப் படித்துச் சொல்லிமுடித்துப் பெட்டியைத் திரும்பப் போட்டபோது ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

இன்னாசி வாசலில் வந்து நின்றார்.

"என் பேரு வந்துச்சா சார்?"

"தெரியலை இன்னாசி. ஒரு உயிர் விஷயம்."

"சரிதான் சார். ஆனா அணைக்க மாட்டேன்னு சொன்னீங்களே."

வெந்தவன் பிழைத்தான். இன்னாசியின் மனைவி நலம் என்பது பதினெட்டு நாள் கழித்துத் துறைமுகத்தில் கடிதம் பார்த்தபிறகே தெரிந்தது. அந்தப் பதினெட்டு நாளும் இன்னாசி சரியாகச் சாப்பிடவில்லை.

கம்பிகளை அவிழ்க்கச் சொன்ன கேப்டன், விதி தெரிந்தும் வாக்குக் கேட்ட இன்னாசி, வாக்கை மீறிய ஆதிமூலம். இவர்களில் தவறு யாருடையது?

விடை: தவறு ஆதிமூலத்துடையது; ஆனால் வாக்கை மீறியது அல்ல, கொடுத்தது. கப்பலின் நலனுக்காகத்தான் கேப்டன் சொன்னார். தவிப்பில் இருப்பவர் எதையும் கேட்பார். முடியாது என்று சொல்ல வேண்டியவர், பேச வரும் ஒரே மனிதரையும் இழந்துவிடுவோமோ என்று பயந்து சரியென்றார். இதை ஆதிமூலமே ஒருநாள் சமையலறைக்குப் போய் ஒப்புக்கொண்டார். இன்னாசி கேட்டுக்கொண்டார். மறுநாளும் நாலு மணிக்குத் தேநீர் வந்தது. வைத்துவிட்டு அவர் நிற்காமல் போய்விட்டார்.