தட்டாங்கொல்லையில் விழுந்த சவுக்கு

தட்டாங்கொல்லைக்காரர்கள் நல்லவர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல இடம் கிடைக்காது. கடலோரத்தில் சவுக்கு வளர்த்து, வெட்டி விற்றுப் பிழைக்கிறவர்கள். யார் என்ன சொன்னாலும் அப்படியே செய்வார்கள். வம்பே அங்கேதான்.

போன ஐப்பசிப் புயலில் பொன்னுரங்கத்தின் தோப்பு மொத்தமும் சாய்ந்துவிட்டது. அரசாங்க நிவாரணம் வந்தால்தான் அந்த மனுஷன் மறுபடி கன்று நடமுடியும். வராவிட்டால் நிலத்தை விற்றுவிட்டு மச்சான் வீட்டில் போய் உட்காரவேண்டியதுதான். மச்சானும் அந்தக் கவலையில் தூங்கவில்லை என்று கேள்வி.

வி.ஏ.ஓ. வந்தார். வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார்: "அதிகாரி வந்து பார்க்கிற வரைக்கும் விழுந்ததை யாரும் தொடக் கூடாது. தொட்டா நிவாரணம் கிடையாது."

அவர் தலை மறைந்ததும் பொன்னுரங்கம் சேற்றில் வழுக்கி மல்லாக்க விழுந்தார். தூக்க ஓடிய மனைவி தெய்வநாயகியை, சவுக்கு விவசாயிகள் சங்கத் தலைவர் அஞ்சாபுலி மறித்தார்.

"என்னம்மா பண்றே? விழுந்ததைத் தொடக் கூடாதுன்னு இப்பதானே சொல்லிட்டுப் போறாரு."

"அவரு மரமில்லையே அண்ணே."

"மரம்னு சொன்னாரா? விழுந்ததைன்னுதான் சொன்னாரு."

சேற்றில் கிடந்த பொன்னுரங்கமும் தலையாட்டினார். "அண்ணன் சொல்றது நியாயம். என்னைத் தொட்டு நிவாரணத்தைக் கெடுத்துடாதே." தானாக எழுந்தால் தன்னைத் தானே தொட்டதாகிவிடுமோ என்று அவருக்குச் சந்தேகம். அப்படியே கிடந்தார்.

புயல் சொன்ன நேரத்துக்கு வந்தது. அதிகாரி அப்படி வருவாரா? தெய்வநாயகி நீள மூங்கிலில் கரண்டியைக் கட்டி, எட்ட நின்று புருஷனுக்குக் கஞ்சி ஊற்றினாள். பாதி வாயில் போயிற்று, மீதி காதில் போயிற்று.

ஒருவழியாக, அதிகாரி மறுநாள் வருகிறார் என்று தகவல் வந்தது. ஊர் கூடிப் பேசியது. மாயகிருஷ்ணன் ஒருகாலத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் டீ விற்றவர், அதனால் அரசாங்க விவரமெல்லாம் தெரிந்தவர்.

"அதிகாரி வந்தா ஆபீஸ்ல ஒருத்தரும் உட்கார்ந்துகூட இருக்கமாட்டாங்க. இங்க தோப்பே கால நீட்டிப் படுத்திருக்கு. அவரு என்ன நெனைப்பாரு?"

அஞ்சாபுலிக்கு வியர்த்துவிட்டது. "நிமித்தித்தான் ஆகணும். ஆனா தொடக் கூடாதே."

"சுருக்குப் போட்டு இழுப்போம். தொடறது கயிறுதானே, நாமளா?" என்றார் மாயகிருஷ்ணன்.

அப்படியே சுருக்கு வீசி ஒவ்வொரு மரமாக நிமிர்த்தி, கயிற்றை ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பொன்னுரங்கத்தையும் ஒரு சுருக்கில் நிமிர்த்தினார்கள்.

ஜீப்பில் வந்த அதிகாரி சுற்றிப் பார்த்தார். "எல்லாம் ஜம்முனு நிக்குதே. சேதம் இல்லைன்னு எழுதிக்கிறேன்."

தெய்வநாயகிக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயா, அதுங்க உங்க மரியாதைக்கு நிக்குதுங்க. நீங்க போனதும் படுத்துக்கும்."

"விழுந்து கிடந்தாத்தாம்மா நிவாரணம்" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"கேட்டீங்களா? விழணுமாம்" என்றார் அஞ்சாபுலி. அதிகாரி சொல்லை மீறுகிற ஊரா அது? எல்லோரும் ஒரே சமயத்தில் கயிற்றை விட்டார்கள். மரமெல்லாம் ஜீப்பின் மேல் படுத்தது. பொன்னுரங்கம் பழைய சேற்றிலேயே போய் விழுந்தார்.

நல்லவேளை, அதிகாரிக்குக் காயமில்லை. கிளைகளுக்கு நடுவிலிருந்து குரல் மட்டும் வந்தது. "யோவ், மரத்தை எடுங்கய்யா. முழுச் சேதம்னே எழுதித் தர்றேன்."

பொன்னுரங்கம் சேற்றிலிருந்தே கத்தினார். "ஐயாவே சேதம்னு ஒத்துக்கிட்டாரு. இப்பப் போய்த் தொட்டுக் கெடுத்துடாதீங்க. அதிகாரி வந்து பார்க்கட்டும்."

"நான்தான்யா அதிகாரி."

ஊர் மறுபடி கூடிப் பேசியது. அஞ்சாபுலி ஜீப்பருகே போய்க் கைகட்டி நின்றார்.

"ஐயா சொல்றது வாஸ்தவந்தான். ஆனா வந்து பார்க்கணும்னுதான் உத்தரவு. நீங்க உள்ளேயே இருக்கீங்க. ஒரு தடவை ஆபீசுக்குப் போயிட்டுத் திரும்பி வந்து பாருங்க. அதுவரைக்கும் ஒரு சுள்ளியைக்கூடத் தொடமாட்டோம்."

தெய்வநாயகி கரண்டி கட்டிய மூங்கிலைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பயப்படாதீங்க ஐயா" என்று பொன்னுரங்கம் படுத்தபடியே தைரியம் சொன்னார். "காதுல போறது ரெண்டு வேளைக்குத்தான் கஷ்டமா இருக்கும்."