சந்தியாகுவின் அடையாளம்

கடலில் காணாமல் போனவர்களின் பதிவேட்டைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். வேலை மீன்வளத் துறை அலுவலக எழுத்தர் அருளப்பனிடம் வந்தது. அவருக்கு வயது ஐம்பத்தாறு. கற்றுக்கொடுக்க வந்த மங்களேஸ்வரிக்கு முப்பத்தைந்து. மூன்று மணிக்குப் பழைய இரும்புக்காரர் வண்டி வரும். அதற்குப் பிறகு பழைய கணினி இல்லை.

இரண்டரை மணிக்கு அருளப்பன் நாற்காலியில் சாய்ந்தார்.

"முடிஞ்சுது மேடம். ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு பேர். ஒரு ஆள் குறையலை."

"யாராவது ஒருத்தரைத் திறங்க சார்."

அருளப்பன் தன் தம்பி சந்தியாகுவின் பதிவைத் திறந்தார். ஆங்கிலத்தில் இருந்த பெயர் சரியாக வந்திருந்தது. கீழே, அடையாளம் என்ற இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். அடுத்தவருக்கும் அதே.

"அடையாளத்தைத் தமிழ்ல ஏத்தியிருக்காங்க," என்றார் மங்களேஸ்வரி. "கணினிக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண்தான். பழைய கணினியில சும்மா கிடந்த எண்களைத் தமிழ் எழுத்துக்குக் கொடுத்திருக்காங்க. மாத்துற அட்டவணைக்கு அது தெரியாது. தெரியாததுக்கெல்லாம் ஒரே குறி போட்டுடுச்சு. எந்த எண் எந்த எழுத்துன்னு யாருக்குத் தெரியும்?"

"இதை ஏத்தின ஞானமுத்து சாருக்கு. அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம். தமிழ் காட்டின ஒரே திரையும் போன மாசம் அணைஞ்சுபோச்சு. இப்ப இருக்கறது இங்கிலீஷ் மட்டும்தான் காட்டும்."

மங்களேஸ்வரி கோப்பை மறுபடி அனுப்பினார், இம்முறை எதையும் மாற்றாமல். புதிய திரை முழுக்கக் கிறுக்கல்கள்.

"இதுக்குக் கேள்விக்குறியே தேவலை மேடம். பார்க்க ஒழுங்காவாவது இருந்துச்சு."

"ரெண்டு பேரை ஒத்துப் பாருங்க. ஒரே மாதிரியா இருக்காங்க?"

"இல்லை."

"முன்னாடி, கேள்விக்குறியா இருந்தப்போ?"

அருளப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படிக்க முடியாததை எதுக்கு மேடம் சுமக்கணும்? இதைச் சொல்லி எழுத வச்ச எங்கம்மாவே போயாச்சு. அவனைத் தேட நான் ஒருத்தன்தான் மிச்சம்."

"அந்தத் திரை அணையறவரைக்கும் தம்பி அடையாளத்தைத் தினம் பார்த்தீங்களாமே? ஆபீஸ்ல சொன்னாங்க."

"காலையில வந்ததும். இருபத்தெட்டு வருஷம்."

மங்களேஸ்வரி சந்தியாகுவின் கிறுக்கல்களை ஒரு தாளில், ஒவ்வொன்றின் கீழும் ஓர் எழுத்துக்கு இடம் விட்டு எழுதினார். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தினம் படித்த அந்த வரியை அருளப்பன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

"இடது புருவத்தில் தழும்பு. கழுத்தில் மாதா பதக்கம். சிரித்தால்..."

வாசலில் இரும்புக்காரர் வண்டி வந்து நின்றது. இருவரும் எழவில்லை.

"மெதுவா, ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க சார்," என்றார் மங்களேஸ்வரி. "இன்னும் ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினஞ்சு பேர் இவருக்காகக் காத்திருக்காங்க."