எதிரே வந்த விளக்கு

மலையடிவாரத்தில் லாரிகள் விடியலுக்காகக் காத்துக் கிடந்தன. பனிமூட்டம் அவற்றை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தது. கடைசியில் இருமல் சத்தங்கள் மட்டும் மிஞ்சின.

டீக்கடை வாசலில் வாத்தியார் எச்.ஐ.வி. மாத்திரையை டீயோடு விழுங்கினார். எப்போதும் எல்லோரும் பார்க்கத்தான் விழுங்குவார். அவரும் லாரி ஓட்டுபவர்தான். அங்கே நின்ற இன்னொரு டிரைவரான நாச்சிமுத்துவைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அந்தச் சாலையில் எல்லோருக்கும் அவர் வாத்தியார்.

"வாத்தியாரே, கல்யாணத்துக்கு முன்னாடி டெஸ்ட் எடுக்கணுமா?" என்றான் ஒரு டிரைவர்.

"பொண்ணுக்குச் சேலை எடுக்கறதுக்கு முன்னாடியே எடுத்துரு."

சிரித்தார்கள். அவன் தலையாட்டினான்.

நாச்சிமுத்து பார்த்துக்கொண்டிருந்தான். லாரி டிரைவர்கள் சங்கத்தின் சார்பில் அவனும்தான் ஆணுறை கொடுக்கிறான், படம் காட்டிப் பேசுகிறான். அவனைக் கண்டதும், "கிளாஸ் ஆரம்பிச்சிருச்சு, வாங்கடா போலாம்" என்று கலைந்துவிடுகிறார்கள்.

அன்று இருவருக்கும் ஒரே லாரி. வாத்தியார் ஓட்டினார்.

"நான் கூப்பிட்டா மட்டும் ஏனுங்க டெஸ்டுக்கு வர மாட்டேங்கறாங்க?"

வாத்தியார் ஸ்டியரிங்கை ஒடித்தார். வளைவுகள் வெண்மைக்குள் ஏறிக்கொண்டே போயின.

நாச்சிமுத்துவின் மனைவி கைக்குழந்தையோடு தாய்வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமை வருகிறாள். அவள் இல்லாத நாட்களில் அவன் போய்வந்த இடங்களை யாருக்கும் சொன்னதில்லை. பரிசோதனை வேனுக்கு ஊரையே அழைத்தவன், தன் கையை மட்டும் நீட்டவில்லை.

எதிரே இரண்டு மஞ்சள் விளக்குகள் தோன்றின. அணைந்து எரிந்தன. மறுபடியும் அணைந்து எரிந்தன. அந்த லாரி கடந்து போனது, ஓட்டியவன் முகம் தெரியவில்லை.

வாத்தியார் வளைவுக்கு முன்பே வண்டியை நிறுத்தினார்.

பனிக்குள் மலையே எழுந்து நடப்பதுபோல் ஏதோ அசைந்தது. யானை. அதன் காலடியில் ஒரு குட்டி. கடந்து போனதும் சாலை மீண்டும் வெள்ளையாயிற்று.

"அவன் யாருன்னே தெரியாது. எப்படி நம்பி நின்னீங்க?"

"அவன் அங்கிருந்து வர்றானுங்கண்ணா."

நாச்சிமுத்து கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த இடத்திலும் வெண்மைதான்.

"மேலே செக்போஸ்ட்ல இன்னைக்கு வேன் நிக்குமா?"

"நிக்கும்."

"நான் கை நீட்டறேன். இருக்குதுன்னு சொல்லிட்டாங்கன்னா?"

வாத்தியார் கியரை மாற்றினார்.

"நான் அங்கிருந்துதான் வர்றேனுங்கண்ணா. ரோடு இருக்குது."