கொல்லையில் நின்ற மாமனார்

அடுத்த போகத்துக்கு மானியச் சோள விதை கேட்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போனாள் மாதம்மாள். அதிகாரி ஆதிமூலம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பட்டா உன் மாமனார் பேர்ல இருக்கு. விவசாயி அவர்தான். அவரை வரச்சொல்லு.”

“அவர் செத்து ஏழு வருசமாச்சுங்க. உழுறது, விதைக்கிறது எல்லாம் நான்தான்.”

“யார்கிட்ட கதை விடுற? போன வாரம் ஜீப்புல வந்து நானே பார்த்தேன். சோளக்கொல்லை நடுவுல தலைப்பாகையோட நின்னாரு. ‘விவசாயியை நேரில் கண்டேன்’னு மேலிடத்துக்கே எழுதிட்டேன்.”

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“அது மாமனார் சட்டையை மாட்டி நான் நட்ட பொம்மைங்க. இதையும் மேலிடத்துக்கு எழுதணுங்களா, இல்ல என் பேரை எழுதிக்கிறீங்களா?”

அதிகாரி மளமளவென்று அவள் பெயரை எழுதினார்.

விதை மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மாதம்மாள் சொன்னாள்: “குருவிங்க மூணாம் நாளே கண்டுபிடிச்சிருச்சுங்க.”