பிள்ளை சிரிக்கும்வரை தூங்காத மயிர்க்கால்கள்

அந்தக் காலத்தில் மனுஷருக்கும் மந்திக்கும் மட்டுமல்ல, தலையில் இருக்கும் மயிர்க்கால்களுக்கும் வாய் இருந்தது. கொஞ்ச காலம் முடி வளர்க்கும். பிறகு கண்ணைச் சொக்குகிறதென்று முடியை உதிர்த்துவிட்டுத் தூங்கும். எழுந்ததும் புது முடி விடும். முறை வைத்துத் தூங்கியதால் யார் தலையும் காலியாகவில்லை.

ஆற்று மணலில் வெள்ளரி போட்டிருந்த ஒச்சாயி, காவல் குடிசையிலேயே பிள்ளை பெற்றாள். புருஷன் காய் விற்கச் சந்தைக்குப் போயிருந்த நேரம், மலையில் பெய்த மழை சொல்லாமல் கொள்ளாமல் ஆற்றில் இறங்கியது. குடிசை போயிற்று. பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையோர மருதமரத்தை எட்டுவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. மரமேற இரண்டு கையும் வேண்டும். பிள்ளையைக் கட்டலாமென்றால், உடுத்தியிருந்த கந்தல் முடிச்சுப் போடும்போதே கிழிந்தது.

கிளையில் ஒரு மந்தி, வயிற்றைக் கவ்விப் பிடித்திருந்த குட்டியோடு உட்கார்ந்திருந்தது.

"என்னடி முழிக்கிறே? என் குட்டியைப் பாரு. என் முடியைப் பிடிச்சா உடும்புப்பிடி."

"என் பிள்ளைக்குப் பிடிக்கத் தெரியாதே, அக்கா."

"அதுக்குத் தெரியாட்டி நீ கட்டு. இடுப்புக்குக் கீழே கூந்தல் தொங்குதே, அது எதுக்கு?"

ஒச்சாயி கூந்தலை இரண்டாகப் பிரித்து, பிள்ளையை மார்போடு சுற்றி இறுக்கி முடிந்தாள். ஏறினாள். பாதி மரத்தில் உச்சந்தலையில் கொட்டாவி கேட்டது.

"ஆத்தா, எங்க முறை வந்துருச்சு. தூங்கப் போறோம்."

அவள் கிளையை இறுக்கிப் பிடித்தாள். "இப்பக் கண்ணை மூடினா என் பிள்ளை ஆத்தோட போயிரும்."

"அப்ப எதுவரைக்கும் முழிச்சிருக்கணும்?"

வெள்ளம் வடியும்வரை என்று சொல்லியிருக்கலாம். பயத்தில் அவள் வாயில் வந்தது வேறு.

"இது இன்னும் என் முகத்தைக்கூடச் சரியாப் பார்க்கலை. என்னைப் பார்த்து ஒரு தடவை சிரிக்கட்டும். அப்புறம் தூங்குங்க."

மயிர்க்கால்கள் வாக்குக் கொடுத்தன. கீழே குடிசைக் கூரையும் வெள்ளரிக் கொடியும் உருண்டு போயின. முடிச்சு அவிழவில்லை.

வெள்ளம் வடிந்தது. புருஷன் ஓடி வந்தான். மறுபடி விதை போட்டார்கள். ஒச்சாயி தலையில் ஒரு முடிகூட உதிரவில்லை. முறை வந்தவையெல்லாம் கண் எரிய விழித்துக் கிடந்தன. மூன்றாம் மாதம், பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தது. பொக்கை வாய் விரிந்தது.

"சிரிச்சிட்டான், ஆத்தா. இனித் தூங்கலாமா?"

"தூங்குங்க, என் கண்ணுகளா."

தலையைக் கோதினாள். கை நிறைய முடி வந்தது. அவளுக்குத் துக்கமில்லை, நன்றிதான் இருந்தது.

அன்று முதல்தான், பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியதும் தாய்க்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மயிர்க்கால்கள் தூங்கி எழுந்ததும் அது தானே முளைக்கிறது.