பைக்கு அந்தப் பக்கம்

இன்னாசிக்குத் தன் நெஞ்சின் மேல் நம்பிக்கை போய்விட்டது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் அவன். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே ஆட்கள் நிற்க, கன்டெய்னரை நோகாமல் இறக்கி வைப்பான். கடற்காற்று கூண்டை ஆட்டும். அதற்கெல்லாம் அவன் பயந்ததில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள், கூண்டுக்கு ஏறும் ஏணியில் பாதியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். ஆபீஸில் மேஜை வேலை கொடுத்தார்கள்.

அதன் பிறகு இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதை விட்டான். மாடிப்படியை விட்டான். யாராவது வேடிக்கையாக ஏதாவது சொன்னால் சிரிப்பைக்கூடப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"வேர்க்க விறுவிறுக்க ஏதாவது செய்யுங்க. இப்படியே உக்காந்திருந்தாதான் ஆபத்து," என்றார் டாக்டர்.

நடந்து பார்த்தான். நடக்க நடக்க, ரோட்டுச் சத்தத்தையும் மீறி உள்ளே அடிப்பது கேட்கும். கொஞ்ச தூரத்திலேயே திரும்பிவிடுவான்.

அப்படித் திரும்பிய ஒரு சாயங்காலம், ராயபுரத்தில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் அந்தச் சத்தம் கேட்டது. டம். டம். டம். அவனுக்குள் கேட்கிற அதே சத்தம். ஆனால் வெளியே, வேறு யாருடைய கையிலோ.

எட்டிப் பார்த்தான். உத்தரத்திலிருந்து சங்கிலியில் ஒரு தோல் பை தொங்கியது. ஆள் உயரம். அதை ஒரு பெண் அடித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்கு ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. ஒருகாலத்தில் குத்துச்சண்டை மேடை ஏறியவர். இப்போது சண்டைக்கு யாரையும் தயார் செய்வதில்லை. உடம்பைச் சரி பண்ணிக்கொள்ள வருகிறவர்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கிறார். எல்லோரும் அவரை ஜரீனா மாஸ்டர் என்பார்கள்.

இன்னாசி தன் கதையைச் சொன்னான். மாஸ்டர் கேட்டுக்கொண்டார். டாக்டரின் நம்பரை வாங்கி, வெளியே போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார்.

"நாளைக்கு வாங்கண்ணா," என்றார்.

முதல் சில நாட்கள் அடிக்கவே விடவில்லை. இடது காலை முன்னே வைத்து நிற்கச் சொன்னார். கை நீட்டினால் பையைத் தொடுகிற தூரம். பிறகு பையைச் சுற்றி நடக்கச் சொன்னார்.

"அடிக்க வேணாமா மாஸ்டர்?"

"நிக்கக் கத்துக்கிட்டீங்களா?"

இன்னாசி தன் காலைப் பார்த்தான். முன்னால் இருக்க வேண்டிய இடது கால் பின்னால் போயிருந்தது.

ஒருநாள் அவன் கைகளில் துணிப்பட்டியைச் சுற்றி, கிளவுஸை மாட்டிவிட்டார். இன்னாசி கண்ணை இறுக்கிக்கொண்டு பையில் கையை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளினான். பை விலகிப் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. அத்தனை பெரிய கனம் தன் மேல் வருவதைப் பார்த்ததும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு சுவர்வரை ஓடிவிட்டான்.

"நீங்க தள்ளுனீங்க. அதனால வருது," என்றார் மாஸ்டர். "தள்ளாதீங்க. பட்டதும் கையை எடுத்துடுங்க."

அடித்துக் காட்டினார். பை எங்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே ஒருமுறை அதிர்ந்தது. சங்கிலி கிலுகிலுத்து அடங்கியது.

இன்னாசி மெல்ல அடித்தான். இன்னும் ஒன்று. மூன்றாவது அடிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏன் மூச்சைப் பிடிக்கிறீங்க?"

"கேக்குறேன் மாஸ்டர்."

"எதை?"

இன்னாசி கிளவுஸால் தன் நெஞ்சைக் காட்டினான். "ஒழுங்கா அடிக்குதான்னு. மூச்சை விட்டா கேக்க மாட்டேங்குது."

"மூச்சை விடாம இருந்தா அது ரொம்ப நாள் கேக்குமா?"

மாஸ்டர் ஒவ்வொரு அடிக்கும் வாயால் 'உஷ்' என்று காற்றை விடச் சொன்னார். குக்கர் மாதிரி உஷ் உஷ் என்று விட்டபடி அடித்தான். பயிற்சிக்கு வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. காதை உள்ளே வைத்துக்கொண்டுதான் அடித்தான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

"மாஸ்டர், அடிச்சிட்டு இருக்கும்போதே நின்னுட்டா?"

"எது?"

"இது."

மாஸ்டர் பையைப் பிடித்து நிறுத்தினார். "நின்னுட்டா அதைப் பாக்க நீங்க இருக்க மாட்டீங்க. நான்தான் இருப்பேன். அப்ப பயப்பட வேண்டியது யாரு?"

"உங்களுக்கும் பயமா?"

"நீங்க உள்ள வந்ததுலேர்ந்து கிளம்புற வரைக்கும்," என்றார் மாஸ்டர். "இடது கையைக் கன்னத்துக்கு ஏத்துங்க. எறங்கிப்போச்சு."

நாளாக ஆக, ஒரு பாட்டு ஓடி முடிகிற நேரத்துக்கு நிறுத்தாமல் அடிக்கிற அளவுக்கு வந்துவிட்டான். வேர்வை கண்ணில் இறங்கும். தோள் கடுக்கும். அந்த நேரத்தில் சில நொடிகள் நெஞ்சையே மறந்திருப்பான். மறந்திருந்தோம் என்று நினைவு வந்ததும் இரண்டு மடங்காகப் பயம் வரும்.

அப்படி மறந்து அடித்த ஒருநாள், அடியை நிறுத்தியதும் உள்ளே அடிப்பது நிற்கவில்லை. தொண்டை வரைக்கும் ஏறி அடித்தது. காதுக்குள் அடித்தது. கண் இருட்டியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மாஸ்டர், வந்துடுச்சு."

"வலிக்குதா? கை, தாடை எங்கயாச்சும்?"

"தெரியல. வந்துடுச்சு மாஸ்டர்."

மாஸ்டர் அவன் கிளவுஸை உருவி எறிந்தார். ஆட்டோவைப் பிடித்து அவனை ஏற்றினார். போகிற வழியெல்லாம் அவன் பெயரைக் கேட்டார், பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊரைக் கேட்டார், கிரேனின் உயரத்தைக் கேட்டார். பேசிக்கொண்டே வரவேண்டும் என்றார். இன்னாசி பேசினான். மாஸ்டர் கேட்ட கேள்வியையே மறுபடி மறுபடி கேட்பதைக் கவனித்துக்கொண்டே பேசினான்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் வந்து அவன் தோளில் தட்டினார்.

"ஒண்ணுமில்லங்க. உழைச்சா இப்படித்தான் அடிக்கும். நீங்கதான் அப்படிக் கேட்டு ரொம்ப நாளாச்சு."

செய்தி கேட்டுத் தலைவிரிகோலமாக ஓடிவந்த மனைவி பிலோமினா, டாக்டர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. புருஷன் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனாள். இனிமேல் அந்தப் பக்கமே போகக்கூடாது என்றாள். இன்னாசி தலையாட்டினான். உள்ளூர அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

வீட்டிலேயே இருந்தபோதுதான் சிலது அவன் கண்ணில் பட்டது.

குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. நான்கு திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது. எப்போது கழற்றினாள் என்று அவனுக்குத் தெரியாது. மிக்ஸி ஓடும்போது நடுவில் நிறுத்திவிட்டு, கூடத்துப் பக்கம் காது கொடுப்பாள். பிறகு மறுபடி ஓட விடுவாள். அவளுக்குப் பிடித்த கோயில் பாட்டுக் குழுவுக்கு இப்போதெல்லாம் அவள் போவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தான். ஏதோ உறுத்த, விழித்தான். மூக்குக்குக் கீழே ஒரு கை இருந்தது. மூச்சு படுகிறதா என்று பார்க்கிற கை. அவன் விழித்ததும் பிலோமினா சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, "ஈ உக்காந்துச்சு," என்றாள்.

அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். நெஞ்சுக்குள் அடித்ததைவிட அந்தக் கைதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

மறுநாள் சாயங்காலம் சட்டையை மாட்டினான்.

"நான் கொட்டகைக்குப் போறேன் பிலோ."

அவள் கத்தவில்லை. செருப்பைத் தேடி எடுத்தாள். "நானும் வரேன். அந்தப் பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்த கேக்கணும்."

கொட்டகையில் அப்போது வேறு யாரும் இல்லை. பிலோமினா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்மா, ஒருதரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது போதாதா? இந்த ஆளைக் கொன்னுதான் விடுவியா? நாளைக்கு இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயா வந்து எனக்குப் பதில் சொல்வே?"

மாஸ்டர் கடைசிவரை கேட்டார். அவள் மூச்சு வாங்க நின்றதும், "அண்ணி, ஒரு ஒத்தாசை," என்றார். "இந்த பேக் ரொம்ப ஆடுது. பின்னாலேர்ந்து கொஞ்சம் பிடிச்சுக்கணும்."

"நானா?"

"தோளைக் கொடுத்துப் பிடிங்க. காலை அகட்டி வச்சுக்குங்க."

பிலோமினா ஒன்றும் புரியாமல் இன்னாசியைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பைக்கு அந்தப் பக்கம் போய் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இன்னாசிக்கு அவளுடைய விரல்கள் மட்டும்தான் தெரிந்தன. மாஸ்டர் அவனுக்குக் கிளவுஸ் மாட்டினார்.

"அடிங்கண்ணா."

"வேணாம் மாஸ்டர். அவளுக்குப் பட்டுடும்."

"பேக்குக்குத்தான் படும்."

அடித்தான். தூசி தட்டுவதுபோல ஒரு அடி. அந்தப் பக்கத்திலிருந்து "அய்யோ மாதாவே," என்று குரல் வந்தது. அவன் நிறுத்திவிட்டான்.

"வலிச்சுதா அண்ணி?" என்றார் மாஸ்டர்.

விரல்கள் பையை விட்டு மறுபடி பிடித்தன. பிறகு, "இல்ல," என்றது குரல்.

மறுபடி அடித்தான். உஷ். டம். இன்னும் ஒன்று. அந்த விரல்கள் பையை இறுக்கிக்கொண்டன. அவனுக்குக் கை சூடேறியது. இடது, வலது, இடது. ஒவ்வொரு அடிக்கும் பை அதிர்ந்தது. அந்த அதிர்வு அந்தப் பக்கம் போய் ஒரு தோளில் நிற்பது அவன் கைக்குத் தெரிந்தது. பயந்துகொண்டேதான் அடித்தான். களைத்து நிறுத்தியபோது நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, நிறுத்திட்டீங்க?" என்றாள் பிலோமினா.

"போதும்னு..."

"இன்னும் கொஞ்சம் அடிங்க."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று குரலில் தெரியவில்லை. இன்னாசி இன்னும் கொஞ்சம் அடித்தான்.

முடிந்ததும் அவள் பைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். முடி கலைந்திருந்தது. ஒரு பக்கக் கன்னம் தோலில் அழுந்திச் சிவந்திருந்தது. தோளைத் தேய்த்துக்கொண்டே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். திட்டுவதற்கு வந்தவள் என்பது அவளுக்கே மறந்துபோன மாதிரி இருந்தது.

இன்னாசி மாஸ்டரிடம் போனான். தாழ்ந்த குரலில் கேட்டான்.

"இவ்வளவு நாளா அடிக்கிறேன். தொப்பை கொஞ்சம் கரைஞ்சிருக்கு. படி ஏறுறேன். ஆனா பயம் மட்டும் அப்படியே இருக்கு மாஸ்டர். அது எப்பதான் போகும்?"

மாஸ்டர் மூலையில் போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு துணிப்பட்டிகளை எடுத்து வந்தார். இன்னாசியின் கையில் வைத்தார்.

"அடுத்தது அண்ணி. நீங்களே கட்டிவிடுங்க."

"அவளா? அவளுக்கு எதுக்கு மாஸ்டர்?"

மாஸ்டர் சங்கிலியைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

இன்னாசி பெஞ்சின் முன்னால் உட்கார்ந்தான். பிலோமினா வேண்டாம் என்பாள் என்று நினைத்தான். அவள் வலது கையை நீட்டினாள். கட்டை விரலில் பட்டியை மாட்டி, புறங்கையில் ஒரு சுற்று சுற்றி, மணிக்கட்டுக்கு இறக்கினான். அங்கே அவன் விரல் நின்றுவிட்டது.

அவளுடைய நாடி ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து இவ்வளவு நேரமாகியும் அடங்கவில்லை. தன்னுடையதைக்கூட இவ்வளவு வேகத்தில் அவன் கேட்டதில்லை.

"பிலோ, இப்படி அடிக்குதே?"

"அது அப்படித்தாங்க," என்றாள் அவள். "நீங்க ஏணியில உக்காந்த நாள்லேர்ந்து."

இன்னாசி நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தான். வாய் திறந்தான். சுற்றாத பட்டி அவன் கையில் தொங்கியது.

மாஸ்டர் திரும்பாமலே சொன்னார்.

"பாதியில நிறுத்தாதீங்கண்ணா. கட்டுங்க."